இமை மூடிய டாலர்

மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போன ஓபேத்தின் இடது கண், இரண்டு வருடமாகப் பிலடெல்பியாவில் மூடவே இல்லை. கரண்டி, செருப்புக் கொக்கி என்று வெள்ளி எங்கே இருந்தாலும் அதில் திறந்துகொண்டு, மனைவி தபித்தாவையே பார்த்தது. அவளுக்கு உடம்பு பாதியாகிவிட்டது. ஊரார் அவள் வந்தால் கரண்டியைக் கவிழ்த்து வைத்துப் பழகிக்கொண்டார்கள்.

காரணம் அவளுக்குத் தெரியும். இமை திறக்காமல் இருக்கப் பிணத்தின் கண்களில் வைக்க அவளிடம் இரண்டு ஸ்பானிய டாலர்கள் இருந்தன. ஒன்றை, அப்போது சில்லறைக்கு எல்லோரும் செய்வதுபோல, உளியால் வெட்டிக் கால் பங்கைச் செலவழித்துவிட்டு, மிச்சத்தை இடது கண்ணில் வைத்தாள். வெட்டிய இடைவெளி வழியே கண் தெரிந்தது. பிணத்தோடு குழியில் போன வெள்ளி குழியிலேயே தங்கிய வருடம் அல்ல அது. எப்படியோ அது வெளியே வந்து, ஊரின் மற்ற ஸ்பானிய வெள்ளியோடு, புது தேசத்தின் டாலராக மாற நாணயச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

தபித்தாவுக்கு வேலையும் அங்கேதான். அச்சடிக்கும் முன் வெள்ளித் தகடுகளை நிறுத்து, எடை கூடியதை அரத்தால் ராவ வேண்டும். குறைந்ததை உலைக்குத் திருப்ப வேண்டும். ஒரு தகடு மட்டும் ஏழு முறை உருகியும் கால் டாலர் குறைவாகவே வந்தது. நடுவில் அந்தக் கண். தன் கூலியிலிருந்து கால் டாலர் துண்டை உலையில் போட்டுப் பார்த்தாள். எடை அசையவில்லை.

"உங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் வந்துட்டாராம்மா?" என்றார் மேஸ்திரி ஹைரம். "எட்டாவது தடவை உருக்க எனக்குத் தெம்பில்லை. நீங்களே பேசி முடிங்க."

தபித்தா தகட்டைத் தராசில் வைத்தாள். எல்லோர் முன்னாலும் அழுதாள்.

"அந்தக் கால் துண்டுக்கு வினிகர் வாங்கினேன், ஓபேத். உங்களுக்கு இல்லை, நீங்க போயாச்சு. காய்ச்சல் என்னையும் தொட்டுடக் கூடாதுன்னு, வீடெல்லாம் தெளிக்க வாங்கினேன். எனக்கு உயிரோட இருக்க ஆசையா இருந்துச்சு."

தராசுத் தட்டு மெல்ல இறங்கிச் சமமாக நின்றது. அச்சடித்தபோது, நாணயத்தில் இருக்கும் சுதந்திர தேவியின் கண் மூடியிருந்தது.

சனிக்கிழமைக் கூலியில் அதே டாலர் அவளுக்கு வந்தது. அதை வினிகர் கடையில் கொடுத்தாள். கடைக்காரர் கல்லில் தட்டிப் பார்க்கக் கையை ஓங்கினார்.

"தட்டாதீங்க. இப்பத்தான் தூங்குறாரு."

கடைக்காரர் குனிந்து பார்த்தார். பெட்டியைச் சத்தமில்லாமல் திறந்து, நாணயத்தை உள்ளே வைத்து, மீதியைக் குரல் தாழ்த்தி எண்ணிக் கொடுத்தார்.