பன்னிரண்டு குதிரை, பன்னிரண்டு உறை

துரைராஜ் ஒன்பது வருஷமாகக் குதிரைகளை வைத்துப் பிழைத்தான். எந்தக் குதிரையையும் நம்பியதில்லை.

அதற்கு முன்னால் கிண்டி ரேஸில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் தினக்கூலிக்கு உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவன்தான் தோற்கிறான், உள்ளே இருக்கிறவன் தோற்பதில்லை என்ற ஒரே ஒரு விஷயத்தை அங்கே கற்றுக்கொண்டு வேலையை விட்டான். தேவானை அவனைக் கட்டிக்கொண்டதும் அதற்காகத்தான். அவளுடைய அப்பா மந்தைவெளியில் இருந்த ஓட்டு வீட்டையும் இரண்டு எருமைகளையும் கிண்டியில் விட்டவர். "குதிர பக்கத்துலயே குந்திகினு கீது, ஒரு ரூபா கட்னதில்ல" என்று தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் புருஷனைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள்.

தொழில் எளிமையானது. பெரிய ரேஸில் பன்னிரண்டு குதிரை ஓடினால் துரைராஜுக்குப் பன்னிரண்டு வாடிக்கை. ஒவ்வொருவருக்கும் ஒரு பழுப்பு உறை. நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் கபாலி கோயில் குங்குமம். உள்ளே ஒரு குதிரையின் பெயர். ஒருவருக்குக் கொடுத்த பெயர் இன்னொருவருக்குக் கிடையாது. எப்படி ஓடினாலும் ஏதோ ஒரு குதிரை ஜெயித்துத்தான் ஆக வேண்டும். ஜெயித்தவர் துரைராஜைத் தெய்வம் என்பார், பத்தில் ஒரு பங்கு கொடுப்பார். தோற்ற பதினோரு பேருக்கும் அவன் மூன்று காரணம் வைத்திருந்தான். ஜாக்கி அவசரப்பட்டு முன்னாலேயே விட்டுவிட்டான். தரை ஈரம். இன்னும் ஐம்பது கஜம் இருந்திருந்தால் கதையே வேறு. இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டுச் சமாதானம் ஆகாத ஆளை அவன் பார்த்ததில்லை.

யாருக்கு எந்தக் குதிரை என்பதற்கும் ஒரு முறை உண்டு. அதற்குக் குதிரையைப் பார்க்க வேண்டியதில்லை, ஆளைப் பார்த்தால் போதும். ஜவுளிக்கடைக்காரருக்கு 'சில்க் பர்ஸ்'. வக்கீலுக்கு 'பிளாக் கோட்'. உறையைப் பிரித்ததும் தனக்காகவே பிறந்த குதிரை என்று அவர்களுக்குப் புல்லரித்துவிடும்.

ஒரே ஆபத்து, பன்னிரண்டு பேரில் இருவர் சந்தித்துப் பேசிவிடுவது. அதற்கும் துரைராஜ் வழி செய்திருந்தான். ஜாதிக்கு ஒருவர். ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரச் சாத்தியமே இல்லாத பன்னிரண்டு பேரை மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வரை அலைந்து பொறுக்கியிருந்தான். நாட்டில் ஜாதியை ஒழிக்க வேண்டும் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களைப் பார்த்தால் அவன் அடுத்த தெரு வழியாகப் போய்விடுவான்.

பொங்கல் கோப்பை ரேஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் நாகராஜ் டீக்கடை வாசலில் ஒரு பியட் கார் வந்து நின்றது. உறைகளை வாடிக்கைகள் வாங்கிப்போவது அந்தக் கடையில்தான். முன் சீட்டில் மயிலாப்பூர் வக்கீல் சந்தானகோபாலன் இருந்தார். பின் சீட்டில் பாண்டி பஜார் ஜவுளிக்கடை நல்லசிவம். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேர், ஒரே கார். துரைராஜின் கையிலிருந்த டீ கொஞ்சம் வேட்டியில் சிந்தியது.

"ஏறுடா" என்றார் வக்கீல்.

வக்கீல் பக்கத்தில் ஏறினான். வக்கீல் மடியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினார். பின்னாலிருந்து நல்லசிவத்தின் கை அதே மாதிரி இன்னொரு உறையை அவன் மூக்குக்கு நேரே நீட்டியது.

"ரெண்டு பேருக்கும் எப்படி சார் பழக்கம்?" என்று கேட்டான்.

"பழக்கமா? இவாத்துப் பிள்ளை எங்காத்துப் பொண்ணை ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிண்டு பெசன்ட் நகர்ல குடித்தனம் நடத்திண்டிருக்கான். அதைப் பேசத்தான் இவர் எங்காத்துக்கு வந்தார்."

"பேச வரல வே, ஏச வந்தேன்" என்றார் நல்லசிவம். "என் மவன் சண்முகவேலுக்குத் தூத்துக்குடியில அம்பது பவுன்ல பொண்ணு பாத்து வச்சிருந்தேன். இவரு மவ ஜலஜா பேங்க் கவுண்டர்ல உக்காந்து பல்லக் காட்டி மயக்கிப்புட்டா. ஏசின ஏச்சுல வேர்த்துப்போச்சு, தொடைக்கத் துண்ட எடுத்தேன், உறை கீழ விழுந்துது. இந்தாளு மேசையிலயும் அதே உறை. நடுவுல குங்குமம் வேற. பிரிச்சா உள்ள வேற வேற குதிர."

"எங்க ரெண்டு பேருக்கும் இந்த ஜன்மத்துல ஒத்துப்போன ஒரே விஷயம் நீதான்" என்றார் வக்கீல். "நானூத்தி இருபதுல உன்னை உள்ளே தள்ளினா ரெண்டு வருஷம்."

துரைராஜ் கும்பிட்டான். காலில் விழலாம் என்று பார்த்தான், காரில் இடமில்லை.

"அழாதடா" என்றார் வக்கீல். "நாகராஜ் மத்த பத்து பேர் விலாசத்தையும் கொடுத்துட்டான். ஒரு டீயைக்கூட ஓசியில குடுக்காத பய, உன் வாடிக்கை விலாசத்தை எல்லாம் ஓசியிலேயே குடுத்துட்டான். இப்போ கேட்டுக்கோ. போகியன்னிக்குக் காலம்பற எங்காத்துக்கு வந்து ஒரு குதிரை சொல்லணும். ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேருக்கும் அதே குதிரை. ஜெயிச்சா உன் பிழைப்பு உன்னோட. தோத்தா பத்து பேருக்கும் ஒரே தபால்ல லெட்டர் போகும்."

கார் போனபிறகும் துரைராஜுக்குப் புரியவில்லை. ஏமாற்றினவனைப் பிடித்தாயிற்று, போலீஸில் கொடுக்கலாம், உதைக்கலாம். அவனிடமே இன்னொரு குதிரை கேட்கிறார்கள். இந்த ஜனங்களை நம்பி இன்னும் தொண்ணூறு வருஷம் தொழில் செய்யலாம் போலிருந்தது. பிரச்சினை ஒன்றுதான். ஒன்பது வருஷத்தில் அவன் ஒரு குதிரையைக்கூட நிஜமாகத் தேர்ந்தெடுத்தது கிடையாது.

மறுநாள் விடிகாலையில் கிண்டிக்குப் போய் ஹனீஃபாவைப் பிடித்தான். ஹனீஃபா லாடம் அடிக்கிறவர். முப்பது வருஷமாகக் குதிரைகளின் காலை மட்டும் பார்த்துவிட்டு, அவற்றின் முகத்தைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் வைத்துக்கொள்ளாதவர்.

"இன்னா நைனா, குதிர பாக்கணுமா? நீயா?" ஹனீஃபா சிரித்ததில் பக்கத்திலிருந்த குதிரை காதைத் திருப்பியது. "அதுக்கு முன்னால எது வாலு எது தலன்னு சொல்லித் தரட்டா?"

"கலாய்க்காத பாய். பொயப்பு போயிடும்."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். மூன்று வயசுக் குதிரைகள் இரண்டிரண்டாகப் பனியிலிருந்து வந்து பனிக்குள் போயின. 'கர்னல்ஸ் பிரைட்' வந்தபோது வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கழுத்தை வளைத்து, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுவென்று போயிற்று. மில் முதலாளி ஒருவருடைய குதிரை. ஊர் முழுக்க அதன்மேல்தான். ரேட், ஒன்றுக்கு ஒன்று; ஒரு ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய்தான் லாபம்.

"இத்தச் சொல்லிடட்டா பாய்?"

"சொல்லு. அப்பறம் ஜெயிலுக்கு நான் பிரியாணி எடுத்துகினு வரேன். ஓடி முடிச்சிட்டு வந்தா தொட்டில பாதிக் கொள்ள அப்டியே வுடுது அது. பசி இல்லாத குதிர ஜெயிக்காது. மாப்பிள்ள ஊர்வலத்துக்கு ஓகே."

அடுத்து வந்தது எலிக்குஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பெண் குதிரை. விலா தெரிந்தது. போகிற போக்கில் அதை நடத்தி வந்தவனின் தோளைக் கடிக்கப் பார்த்தது. 'ஈவ்னிங் பெல்.' குடகில் யாரோ காப்பித் தோட்டக்காரருடையது, அவர் அதைப் பார்க்கக்கூட வந்ததில்லை. ரேட், ஒன்றுக்கு ஏழு.

ஹனீஃபா தன் பெட்டியைத் திறந்து இரண்டு தேய்ந்த லாடங்களை எடுத்தார். "இது கர்னலோட பின்னங்கால். எல்லா எடத்துலயும் சமமா தேஞ்சிருக்கா? தரையத் தடவிகினு போவுது. இது அந்த எலியோடது. லாடத்து மூக்குல, முன்னால மட்டும் எப்டி தேச்சிருக்கு பாரு. தரைய ஒதச்சித் தள்ளுது."

பிறகு அவன் ஒரு கையில் இரும்பு லாடத்தையும் மறு கையில் அலுமினிய லாடத்தையும் வைத்தார். ஒரு கை இறங்கியது. மறு கையில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை.

"இப்ப இரும்பு கட்டிகினுதான் ஓடுது. ரேஸுக்கு மொத நாள் நான் இத்த அடிப்பேன். நாலு காலுக்கும் கணக்குப் போட்டுக்கோ."

ஹனீஃபா கொடுத்த ஸ்டாப் வாட்சை அழுத்தினான். கடைசி மூன்று ஃபர்லாங்கை ஈவ்னிங் பெல் இரும்போடு வெறும் முப்பத்தெட்டு செகண்டில் ஓடியது. யாரும் விரட்டவில்லை, சவுக்கு ஓங்கவில்லை. லாயத்துக்கு வந்ததும் தொட்டியில் தலையை விட்டுக் கொள்ளை ஒரு மணிகூட விடாமல் தின்றது, தொட்டியை நக்கியது, மேலும் வேண்டும் என்று காலால் தகர வாளியை உதைத்தது.

துரைராஜுக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. வாயுத் தொல்லை என்று நினைத்தான். அடுத்த மூன்று நாளும் விடிகாலையில் யாரும் கூப்பிடாமலே போய் நின்றான்.

போகியன்று காலை வக்கீல் வீட்டுக் கூடத்தில் இருவரும் எதிரெதிர் நாற்காலியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஈவ்னிங் பெல்" என்றான் துரைராஜ். தானே பார்த்துத் தேர்ந்தெடுத்த குதிரையின் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எலி மாதிரி இருக்குமே, அதுவா?" என்றார் வக்கீல். "பிளாக் கோட் என்ன ஆச்சு? போன வாரம்தானே இது கண்டிப்பா ஜெயிக்கும்னே?"

"அது உங்களுக்குன்னு பேரப் பாத்து எழுதினது சார். அந்தக் குதிரையை நான் பாத்ததே இல்ல. இது பாத்துச் சொல்றது."

"நான் ஐநூறு கட்டுதேன்" என்றார் நல்லசிவம். "அவரும் அதே குதிரையில ஐநூறு கட்டணும். ஜலஜா அப்பாகிட்ட கேளு, சம்மதமான்னு."

"இவர்ட்ட சொல்லு, வக்கீல் வாக்குத் தவறமாட்டான்னு."

ஒரு கஜ தூரத்தில் இருந்தவர்களுக்கு நடுவில் துரைராஜ் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னான். உள்ளேயிருந்து காப்பி வந்தது. நல்லசிவத்துக்கும் ஒரு டம்ளர் வந்தது. அவர் அதைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் குடித்தார், நன்றாக இருந்ததால் கோபம் கூடியது.

பொங்கலன்று கிண்டியில் கால் வைக்க இடமில்லை. கரும்போடு நேரே வந்தவர்கள் இருந்தார்கள். அரசாங்கம் ரேஸை மூடப்போகிறதாம், அதற்குள் விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். துரைராஜின் சட்டைப்பையில் தேவானையின் புடவைக்கு வைத்திருந்த முப்பது ரூபாய் இருந்தது. ரங்கநாதன் தெருவுக்குப் போகிற வழியில்தான் வந்திருந்தான். ரேஸுக்குக் கால் மணி நேரம் முன்னால் அந்த முப்பது ரூபாய் ஈவ்னிங் பெல் மேல் ஏறியிருந்தது. எப்படி என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே நிற்பது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு இல்லை.

குதிரைகள் புறப்பட்டன. வளைவு திரும்பும்போது கர்னல்ஸ் பிரைட் முன்னால். இரண்டு ஃபர்லாங் இருக்கையில் அதன் வால் சுழல ஆரம்பித்தது, மாப்பிள்ளை களைத்துவிட்டார். உள் வேலியோரம் அந்த எலி தரையை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு குதிரை நீளம், இரண்டு குதிரை நீளம் முன்னால். நல்லசிவம் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குதித்தார். துரைராஜ் கத்தினான். ஒன்பது வருஷத்தில் அவன் ரேஸில் கத்தியதில்லை. தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமென்று தெரியாது.

வெளிப்பக்கத்திலிருந்து கறுப்பாக ஒன்று வந்தது.

"வாடா என் ராஜா! பிளாக் கோட்! பிளாக் கோட்!" என்று யாரோ அலறினார்கள். சந்தானகோபாலன்தான். குடுமி அவிழ்ந்திருந்தது.

கழுத்தளவு வித்தியாசம். பிளாக் கோட் முதல், ஈவ்னிங் பெல் இரண்டாவது.

நல்லசிவம் மெதுவாகத் திரும்பினார். "வே. நீரு எதுல கட்டினீரு?"

"ரெண்டுலயும்" என்றார் வக்கீல், மூச்சு வாங்கிக்கொண்டு. "சொன்னபடி எலி மேலே ஐநூறு. உறையிலிருந்த குதிரையை விட மனசு வரலை. அதுமேல ஒரு நூறு. ஒண்ணுக்கு ஒம்போது ஓய்!"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல! நீரெல்லாம் ஒரு சம்பந்தியா?"

"சம்பந்தியா இருந்தா? என் குதிரையை உமக்கு எதுக்குச் சொல்லணும்? பவுன் கேட்கிற சம்பந்தி!"

சண்டை சூடு பிடித்தது. இருவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. நடுவில் வக்கீல் துரைராஜின் கையில் தொண்ணூறு ரூபாயைத் திணித்தார்.

"உன் பங்கு. வழக்கப்படி. உறை உன்னோடதுதானே? லெட்டராவது மண்ணாவது, போடா."

நல்லசிவம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார்: "அடுத்த வாரம் எனக்கு மட்டும் தனியா ஒரு உறை. இந்தாளுக்குத் தெரியக்கூடாது, கேட்டியா?"

பிழைப்பு பிழைத்துவிட்டது. பத்து வாடிக்கையும் பத்திரம், கையில் தொண்ணூறு ரூபாய், மூன்று புடவை வாங்கலாம். அவன் வெளிக்கதவை நோக்கித்தான் நடந்தான்.

ஜாக்கி அவசரப்பட்டு முன்னாலேயே விட்டுவிட்டான், என்று நினைத்தான். வளைவில் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். உள் வேலியோரம் தரையும் ஈரம், அதை யாரும் பார்க்கவில்லை. இன்னும் ஐம்பது கஜம் இருந்திருந்தால் திரும்பப் பிடித்திருக்கும், கண்ணால் பார்த்தேனே, கறுப்புக் குதிரைக்கு மூச்சு போய்விட்டிருந்தது. இன்னும் ஐம்பது கஜம்.

கடைசி ரேஸுக்கு மணி அடித்தது. டிக்கெட் ஜன்னலில் வரிசை சின்னதாகத்தான் இருந்தது.

ஜன்னலுக்குள், முன்பு அவனோடு வேலை பார்த்த பழைய ஆள் ரகுபதி உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்காமலே கையை நீட்டினான், பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"துரைராஜு? நீ இன்னாடா இந்தப் பக்கம்?"

"ஏழாம் நம்பர்" என்றான் துரைராஜ். "தொண்ணூறு ரூபா. சீக்கிரம் குடு, குதிர கெளம்பிடும்."