நிதானமாக நிற்காத புல்லட்

எங்கள் திருவண்ணாமலையில் புல்லட்டை ஓட்டிப் பார்த்து யாரும் மார்க் போடுவதில்லை. டீக்கடை வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிவிடலாம் போல நிதானமாக அடிக்கிறதா என்று கேட்பார்கள். அடித்தால் மெக்கானிக் கெட்டிக்காரன். எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் அப்போதும் எரிச்சல், இப்போதும் எரிச்சல்.

எண்பத்து நாலில் ரைஸ்மில் பலராமனுக்குச் சோழவரம் ரேஸில் ஓட்ட ஆசை வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு ரேஸ் கேம் வாங்கிவந்து தன் புல்லட்டில் மாட்டிக்கொண்டான். கேம் என்பது இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடுகிற துண்டு. ரேஸ் கேம் அவற்றை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். வேகத்தில் இன்ஜின் நன்றாக மூச்சு வாங்கும், மெதுவாக ஓடினால் திணறும். ஊர் மெக்கானிக்குகள் எல்லாரும் அதை மெதுவாக அடிக்க வைக்கத்தான் பார்த்தார்கள். பிளக்கில் தீப்பொறி விழும் டைமிங்கைப் பின்னால் தள்ளினார்கள், பெட்ரோலைக் குறைத்தார்கள். வண்டி செங்கம் ரோட்டில் சைக்கிளிடம் தோற்றது.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு என் ஞாபகம் வந்தது. நான் கஸ்தூரி. புருஷன் வீட்டில் ஒத்துவராமல் திரும்பி வந்து, அப்பா விட்டுப்போன ஷெட்டில் பம்புசெட் இன்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் தருமனுக்கு அது பிடிக்கவில்லை. ஷெட்டை இடித்து லாட்ஜ் கட்ட யாருக்கோ வாக்குக் கொடுத்திருந்தான். பலராமனின் வண்டியைப் பார்த்ததும் அண்ணன் அதையே சாக்காக வைத்து ஒரு நிபந்தனை போட்டான். ஆடி பிறப்பதற்குள் வண்டி சரியானால் ஷெட் எனக்கு. இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு அண்ணியோடு அடுப்படியில் நிற்க வேண்டும். நானும் ரோஷத்தில் சரி என்றேன்.

முதலில் டைமிங். பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் சைக்கிள் ஸ்போக்கை விட்டுப் பிஸ்டன் நிற்கும் இடத்தைப் பார்த்தேன். ஒட்டிப் பிரியும்போது தீப்பொறியைக் கிளப்புகிற இரண்டு பாயிண்டுகளுக்கும் நடுவே சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்தேன். தாள் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிற இடத்தில்தான் தீப்பொறி விழும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுபோனேன். அளவு மீறியபோது கிக்கர் திருப்பி உதைத்து என் கணுக்கால் வீங்கியது. மயிரிழை பின்னுக்கு வந்தேன். அடுத்தது கார்புரேட்டர். அதில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டைக் கழற்றி, பெரிய துளை ஜெட் போட்டு ஓட்டிவந்து பார்த்தால், பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை. இன்னும் பெரிய ஜெட் போட்டேன். இந்த முறை பிளக் காபித்தூள் நிறத்தில் வந்தது, பெட்ரோல் அளவு சரி. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் வந்து, நின்றபடி திக்கித் திக்கி அடித்துக்கொண்டிருந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டான்.

"இன்னா இது, வலிப்பு வந்த மாதிரி அடிக்குது? எல்லா வண்டி மாதிரியும் நிதானமா அடிக்க வெய்யி. அப்பதான் ஒத்துக்குவேன்."

கொஞ்ச நேர வேலைதான். டைமிங்கைப் பின்னால் தள்ளினால் ஓரளவு அடங்கும், அண்ணன் வாயும் அடைபடும். பலராமனே, போனால் போகிறது, அப்படியே செய்துவிடுங்கள் அக்கா என்றான். ஆனால் வண்டி மறுபடியும் செத்த வண்டியாகிவிடும். நான் திருப்புளியைத் தொடவில்லை. புடவையை இழுத்துச் செருகி வண்டியில் ஏறி, அண்ணனைப் பின்னால் உட்காரச் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் வண்டி முரண்டு பிடித்தது. அண்ணன் பின்னாலிருந்து சிரித்தான். ஆசிரமம் தாண்டி ரோடு காலியானதும் ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினேன். சிரிப்பு நின்றுபோனது. முன்னால் போன செங்கம் பஸ்ஸை நாங்கள் தாண்டும்போது, என் தோளைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்லிக் கத்தினான். நான் நிறுத்தவில்லை.

திரும்பி வந்து ஷெட் வாசலில் இறங்கியவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான். வண்டி ஓடுகிறது என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. பொம்பளைக்குப் பின்னால் உட்கார்ந்து போனதை ஊரே பார்த்துவிட்டது என்று பொரிந்துவிட்டுக் கையை நீட்டினான்.

"சாவிய குடு. லாட்ஜுக்காரருக்கு வாக்கு குடுத்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி எப்படி அடித்திருந்தாலும் அந்தக் கை நீண்டிருக்கும். அவன்மேல் வந்ததைவிட, அந்த நிபந்தனைக்குத் தலையாட்டிய என்மேல்தான் கோபம் ஜாஸ்தியாக வந்தது.

"அப்பா சம்பாதிச்சு வாங்கின எடம்ணா இது. உயில் எதுவும் எழுதல. சட்டப்படி பாதி என்னுது. என் எடத்துல வேல செய்ய நான் எதுக்கு உன்கிட்ட பாஸ் பண்ணணும்? இங்க லாட்ஜ் கட்டணும்னா நீதான் வந்து என்கிட்ட கேக்கணும். நான் முடியாதுன்னுதான் சொல்லுவேன்."