சின்னவனை எழுப்பியது

அவர்கள் செய்துகொண்டிருந்தது இரண்டு ரோபோக்கள். ஆறு சக்கரம், ஒரு கை, முதுகில் ஒரு தட்டு ஆன்டெனா. அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று ராக்கெட்டில் ஏறி வேறு கிரகத்துக்குப் போகப்போவது. அதற்குப் பெரியவன் என்று பேர். தூசு புகாத அறையில், தொட ஆளில்லாமல், புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்னொன்று எங்கேயும் போகாது. உருட்டுவது, புதைப்பது, குப்புறக் கவிழ்ப்பது என்று எல்லாப் பாடும் இதற்குத்தான். இது சின்னவன். மணல் கொட்டிய ஒரு பெரிய கொட்டகைதான் சின்னவனுக்கு வீடு. மேலே வரிசையாக விளக்குகள். காலை எட்டரைக்கு எரிந்தால் அங்கே விடிந்தது என்று அர்த்தம்.

அந்த இடத்தில் ஒருவருக்குச் சாமியார் என்று பட்டப்பெயர். ஐம்பத்திரண்டு வயது, அதிகம் பேசமாட்டார், அதனால் வந்த பெயர் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையான காரணம் அவருடைய வேலை. பூமியிலிருந்து ஒரு பேச்சும் வராமல் போனால் ரோபோ என்ன செய்ய வேண்டும், அந்த சாஃப்ட்வேர்தான் அவர் எழுதியது. ஆறு வருஷமாக மௌனத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவர் வகுத்த விதி ரொம்பச் சுலபம். பத்து நாள் பூமியிலிருந்து பேச்சு வரவில்லையென்றால், கோளாறு தன் ரேடியோக் காதில்தான் என்று ரோபோ முடிவுசெய்யும். உடனே இரண்டாவது காதுக்கு மாறும். அதற்கப்புறம் பேட்டரியை மிச்சம்பிடிக்க நாள் பூராத் தூங்கும். காலையில் வெளிச்சம் பட்ட அரை மணிக்குள் தானாக எழுந்து, ஆன்டெனாவைத் தூக்கி, 'இருக்கிறேன்' என்று கூப்பிட்டு, அரை மணி நேரம் பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி தூங்கும். மாதக்கணக்கில் ஆனாலும் இப்படியே. வெளிச்சம் பட்டும் எழவில்லை என்றால் கதை முடிந்தது. அவ்வளவு தூரம் போய்த் தட்டி எழுப்ப யாரும் கிடையாது.

இதைச் சின்னவனை வைத்து நாற்பது நாள் சோதித்தார்கள். 'சோதனை நடக்கிறது. யாரும் கட்டளை அனுப்பக் கூடாது' என்று பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொட்டகைக் கதவில் ஒட்டியதே சாமியார்தான். பதினோராம் நாள் சின்னவன் காது மாறியது. அதற்குப் பிறகு ஒரு காலை தவறவில்லை. விளக்கு எரியும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தட்டு மேலே எழும். நாற்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சக்கரங்களைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக், "உங்க பையன் அலாரம் வெச்ச மாதிரி எந்திரிக்கிறான் சாமியாரே. என் பொண்ணு எந்திரிக்கணும்னா மூணு தடவ தண்ணி தெளிக்கணும்," என்றார்.

சோதனை முடிந்தது, சின்னவனைத் திங்கட்கிழமை பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்று அப்படியே தூங்கவிட்டுப் போனார்கள்.

அந்தச் சனி, ஞாயிறு சாமியார் ஊரில் இல்லை. மனைவி வீடு மாறுகிறாள் என்று போயிருந்தார்.

மனைவி ஐந்து மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மாற்றல் வந்தபோது ஒரு வருஷம்தானே என்றார்கள். அந்த ஒரு வருஷம் நீண்டுகொண்டே போயிற்று. சண்டை கிடையாது, மனக்கசப்பு கிடையாது. தினம் சாயங்காலம் போனில் சாப்பிட்டாயிற்றா என்று அவர் கேட்பார், ஆயிற்று என்பாள் அவள். பிறகு அவள் கேட்பாள், அவர் ஆயிற்று என்பார்.

புது வீட்டில் பெட்டிகளைத் தூக்கி வைத்தார். தண்ணீர் குடிக்க டம்ளர் எதில் இருக்கிறது என்று தெரியாமல் மூன்று பெட்டியைத் திறந்தார். எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து மனைவியிடம் விசாரித்தது அவர் காதில் விழுந்தது.

"யாருக்கா அது, சாமான் தூக்க வந்தவரா?"

"என் வீட்டுக்காரர்."

"ஓ. இருக்காரா," என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மனைவி சிரித்துவிட்டாள். சாமியாரும் சிரித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சிரிப்பு நின்றது.

திங்கட்கிழமை காலை வழக்கமான எட்டு நாற்பதுக்கு முன்னதாக, எட்டேகாலுக்கே ஆபீஸ் வந்து, பையை மாட்டிவிட்டு, சின்னவனின் பதிவைத் திறந்தார். கடைசியாக எழுந்தது வெள்ளிக்கிழமை எட்டு நாற்பத்தொன்று. சனிக்கிழமை எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழவில்லை.

விளக்குப் போடவில்லையோ? போட்டிருந்தது. அது தானாகவே எரிவது. பேட்டரி? நன்றாக இருந்தது. எட்டரைக்கு விளக்கு எரிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டு நாற்பது. எட்டு ஐம்பது. ஒன்பது. சின்னவன் தட்டு கவிழ்ந்து மணலில் கிடந்தது.

அவர் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தினம் காலையில் அவர் சின்னவனுக்குக் குட் மார்னிங் சொல்வார். வாயால் இல்லை. கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெறும் கட்டளை உண்டு. அதை அனுப்பினால் ரோபோ ஒன்றும் செய்யாது, 'சரி' என்று மட்டும் பதில் சொல்லும். வருஷக்கணக்காக, நாளின் முதல் வேலையாக அதைத்தான் அனுப்புவார். 'சரி' என்று வந்ததும் டீ வாங்கப் போவார். சோதனை நடந்தபோதும் அனுப்பினார். பூமியின் பேச்சு ரேடியோவில் வருவது, இது பதிவுகளை எடுக்கச் செருகி வைத்த கேபிளில் போவது. அதனால் மௌனம் கலைவதாக அவர் நினைக்கவேயில்லை. உண்மையைச் சொன்னால், நினைக்கிற அளவுக்கு அது ஒரு காரியமாகவே அவருக்குப் படவில்லை. வாசல்படியில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி.

ஆனால் தூங்குகிற ரோபோ கேபிளில் எது வந்தாலும் விழித்துக்கொள்ளும். விழித்ததும் தன் விதிப்படி தட்டைத் தூக்கி, கூப்பிட்டு, காத்திருந்து, தூங்கியிருக்கிறது. வெளிச்சம் அதை எழுப்பவே இல்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அந்தக் கட்டளையை அனுப்பினார். 'சரி' என்று வந்தது. சின்னவன் தட்டைத் தூக்கியது.

நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பெரியவனைப் பெட்டியில் வைத்து அனுப்ப இன்னும் பத்தொன்பது நாள். கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு நாள், மறுபடி மௌனச் சோதனைக்குக் குறைந்தது பதினாலு நாள். இன்றைக்கே சொன்னால் இடம் இருக்கிறது. வாரம் தள்ளினால் இல்லை. அந்தக் கிரகம் பக்கத்தில் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

சொல்லாமலும் இருக்கலாம். போகிற வழியில் ஏழு மாதம் இருக்கிறது. 'சின்னத் திருத்தம்' என்று ரேடியோவில் புது வரியை அனுப்பிவிடலாம். யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். ஆனால் அது வேலைசெய்யுமா என்று ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெரியவன் அங்கே காது போய், விடிந்தது தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தார். சொல்வதென்றால் எதைச் சொல்ல வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்த்தார். கன்னம் சுட்டது.

பத்து மணி மீட்டிங்கில் சொன்னார்.

திட்டத்தின் தலைவி அவரைவிட எட்டு வயது இளையவள். குரலை உயர்த்தமாட்டாள். பதிவைத் திரையில் போட்டுப் பார்த்தாள்.

"கேபிள்ல தினமும் ஒரு கட்டளை போயிருக்கு. யார் அனுப்பினது சார்?"

"நான்தான் மேடம்."

"எதுக்கு? சோதனையில அப்படி ஒண்ணு இல்லையே."

"இல்ல மேடம். சும்மா."

"சும்மான்னா?"

அவர் மேஜையைப் பார்த்தார். "குட் மார்னிங் சொல்றது. வந்த உடனே. பழக்கம்."

மெக்கானிக் பக்கென்று சிரித்துவிட்டார். "கதவுல நோட்டீஸ் ஒட்டினவரே நீங்கதானே சாமியாரே."

"ஆமா. நான்தான் ஒட்டினேன்."

தலைவி சிரிக்கவில்லை. பதிவைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். "நாப்பது நாளுமா?"

"நாப்பது நாளும்."

"இதுல அஞ்சு ஞாயித்துக்கிழமை வருதே. லீவு நாள் வேற ஒண்ணு வருது."

"அன்னைக்கும் வந்தேன் மேடம்."

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று சாமியாருக்கு இருந்தது.

"சரி," என்றாள் தலைவி கடைசியில். "இன்னைக்கே சொன்னீங்க, நல்லது. ரெண்டு நாள்ல கோளாறக் கண்டுபிடிங்க. சோதனைய மறுபடி வைப்போம். கையெழுத்துப் போட்டவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாள் சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார். ரோபோ இரண்டாவது காதுக்கு மாறும்போது, முதல் காதோடு சேர்ந்து வெளிச்சத்தைக் கவனிக்கிற பகுதியும் அணைந்துவிடுகிறது. ஒரே ஒரு வரி. அவர் எழுதியதுதான். ஆறு வருஷம் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது.

சோதனை ஆரம்பித்த அன்று தலைவி அவர் மேஜைக்கு வந்து கையை நீட்டினாள்.

"கொட்டகை சாவியக் குடுங்க சார். உங்க கம்ப்யூட்டர்லேந்து கட்டளை போற வழியையும் அடைக்கச் சொல்லிட்டேன். கோவம்னு நினைச்சுக்காதீங்க. கை பழகிடுச்சில்ல."

"கரெக்டு மேடம்," என்று சாவியைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலப் போனில், சாப்பாட்டு விசாரணை முடிந்ததும் வைக்காமல், நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தினமும் அதுக்கு வணக்கம் சொன்னீங்களா?"

"ம்."

"எனக்கு ஒரு நாள் காலையில போன் பண்ணியிருக்கலாமே."

"நீ ஸ்கூலுக்குக் கிளம்பற நேரம்."

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான். எடுத்திருக்க மாட்டேன்."

பொய் சொல்லத் தெரியாதவள். அது அவருக்கு எப்போதும் பிடித்த விஷயம். அங்கே அவள் நோட்டுகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் வைத்தாள்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கக் கூடாது. சாமியார் எட்டு நாற்பதுக்கு வருவார், பையை மாட்டுவார், நாற்காலியில் உட்காருவார். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாது. இரண்டு தடவை விரல் தானாக அந்தக் கட்டளையை அடித்துவிட்டது. வழி அடைத்திருந்ததால் எங்கேயும் போகவில்லை. நேராக டீ வாங்கப் போனால் கடை திறந்திருக்காது, இன்னும் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை இத்தனை வருஷமாக யார் சுமந்தார்கள் என்று அவருக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்தார். துவைத்த துணியை மறுபடி துவைத்தார்.

பதினோராம் நாள் சின்னவன் காது மாறியது, தூங்கியது. பன்னிரண்டாம் நாள் காலை, கண்ணாடிக்கு முன்னால் தலைவி, மெக்கானிக், சாமியார் மூன்று பேரும் நின்றார்கள். எட்டரைக்கு விளக்கு எரிந்தது. எட்டு முப்பத்தைந்து. எட்டு நாற்பது. சாமியார் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

எட்டு நாற்பத்தாறுக்குத் தட்டு அசைந்தது. மணல் சரிய மேலே எழுந்தது. பக்கத்துத் திரையில் அதன் குரல் வரியாக வந்து விழுந்தது: இருக்கிறேன்.

"எந்திரிச்சிட்டான்யா," என்று மெக்கானிக் சாமியாரின் முதுகில் ஒரு அறை வைத்தார். தலைவி இந்தத் தடவை புதிதாகச் சேர்த்த 'எழுந்த காரணம்' என்ற கட்டத்தைப் பார்த்தாள். வெளிச்சம் என்று இருந்தது. "இன்னும் ரெண்டு காலை இதே மாதிரி வந்தா போதும். பெட்டி கட்டச் சொல்லிடறேன்," என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாமியார் நகரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தட்டு மெதுவாக இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது, ஆகாயத்தில் பூமி எங்கே என்று தேடியது. திரையில் மறுபடி விழுந்தது: இருக்கிறேன். நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்படிக் கூப்பிடச் சொல்லி எழுதியது அவர்தான். பதில் என்ற கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருக்க வேண்டும்.

மெக்கானிக் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"அதான் பாஸாயிடுச்சே. வாங்க சாமியாரே, இன்னைக்கு டீ என்னோடது."

"நீங்க போங்க. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு."

"எதுக்கு?"

"பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்," என்றார் சாமியார். "தூங்கட்டும். வரேன்."

மெக்கானிக் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனார். சாமியார் அதில் உட்காரவில்லை. தட்டு இடது பக்கம் திரும்பியது.