மதாம் ரொசாலியின் சீப்பு

மதிவாணனுக்கு எந்தக் கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும். ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஆறு வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது அவனிடம் கேள்வி கேட்கத்தான் ஆளில்லை. வேலையை விட்டுவிட்டுக் கைடு ஆனான். இப்போது தினமும் காலையில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கடற்கரையோரம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஒயிட் டவுன் தெருக்களில் நடக்கிறான். அவர்கள் கேட்டுக்கொண்டே வருவார்கள், அவன் சொல்லிக்கொண்டே போவான்.

டிசம்பர் பிறந்ததும் அதற்குக் 'கிறிஸ்துமஸ் பலகார நடை' என்று பெயர் வைத்தான். நடை முடிகிற இடம் அந்துவானெத்தின் பேக்கரி. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்னறையில் கண்ணாடி அலமாரியும் பின்னறையில் அடுப்புமாக இருக்கிற சின்னக் கடை. அந்துவானெத் அவனைவிட நாலு வயது மூத்தவள். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அதனால் அவன் சொல்வதில் எத்தனை பங்கு நிஜம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாளே வினை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் தட்டிலிருந்து கலகலா என்கிற பலகாரத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சின்னச் சங்கு போலச் சுருண்டு, முதுகெல்லாம் வரிவரியாக, சர்க்கரை பூத்திருந்தது.

"ஏனுங்க, இதுல எதுக்குங்க இத்தனை வரி?"

மதிவாணனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

"அது ஒரு பெரிய கதைங்க," என்று வாய் தானாகத் திறந்துகொண்டது. "பிரெஞ்சுக்காரங்க காலத்துல இங்க மதாம் ரொசாலின்னு ஒரு கப்பித்தேனோட, அதாங்க கப்பல் கேப்டனோட, சம்சாரம் இருந்தாங்க. கிறிஸ்துமசுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போன புருஷன் வரலை. அந்தம்மா மாவு பிசைஞ்சிக்கிட்டே ஜன்னல் வழியா கடலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தலையில இருந்த சீப்பு நழுவி மாவுல விழுந்துடுச்சு. எடுத்துப் பாத்தா, மாவுல அலை அலையா வரி! எம் புருஷன் வரப்போற கடல் இதுதான்னு சொல்லி, மொத்த மாவையும் சீப்புலயே உருட்டிட்டாங்க."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கிலோ வாங்கினாள்.

எல்லோரும் போன பிறகு அந்துவானெத் அலமாரியைத் துடைத்தபடி கேட்டாள்: "அவரு வந்தாரா?"

"யாருக்கா?"

"கப்பித்தேன்."

"அதை இன்னும் யோசிக்கலைக்கா."

"யோசிச்சு வை, நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க. சீப்புல இருந்த முடி மாவுல விழுந்திருக்குமே, அதுக்கும் சேத்து ஒரு பதிலு யோசி."

மறுநாள் கேட்டுவிட்டார்கள். கப்பித்தேன் நள்ளிரவுப் பூசைக்கு மணி அடிக்கும்போது வந்து சேர்ந்தார் என்றான். அதற்கடுத்த நாள் கதையில் அவர்களுக்கு ஒரு மகளும் பிறந்தாள். தினமும் அவன் கடைக்குள் நுழையும்போது, "மதாமுக்கு இன்னிக்கு உடம்பு எப்பிடி?" என்று அந்துவானெத் விசாரிப்பாள்.

யாரோ இந்தக் கதையை வீடியோ எடுத்துப் போட்டார்கள். பத்தாம் நாள், மதிவாணனைப் பார்த்தே இராதவர்கள் கடைக்கு வந்து, "அந்த மதாம் ரொசாலி ஸ்வீட் இருக்கா?" என்று கேட்டார்கள். ஆட்டோ ஓட்டும் விஜய் சும்மா இருப்பானா? பின்தெருவில் ஒரு மஞ்சள் வீட்டைக் காட்டி, "மதாம் நின்ன ஜன்னல் அதுதான்" என்று சொல்லிவிட்டான். பெண்கள் தலையில் சீப்பைச் செருகிக்கொண்டு அந்த ஜன்னலடியில் நின்று படம் எடுத்தார்கள்.

ஒரு மத்தியானம் அந்த மஞ்சள் வீட்டுக்காரர் நாராயணசாமி பேக்கரிக்கே தேடி வந்துவிட்டார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, எங்க வீட்ல ஒரு வெள்ளைக்காரம்மா குடியிருந்தாங்களாமே. எப்ப இருந்தாங்க?"

"ரொம்ப காலத்துக்கு முன்னாடிங்க ஐயா."

"அந்த வீடு எங்கப்பா அறுபத்தி நாலுல கட்டினது. அதுக்கு முன்ன அங்க மாட்டுக் கொட்டாய்தான். அந்தம்மா கொட்டாய்லயா இருந்தாங்க?"

அந்துவானெத் எதையோ தேடுகிற மாதிரி அலமாரிக்கு அடியில் குனிந்தாள். அவள் முதுகு குலுங்குவது தெரிந்தது.

"ஜன்னல்ல சட்டை காயப்போட முடியலை தம்பி. போட்டோவுல விழுதாம், எடுங்கன்றாங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மதிவாணனுக்குக் காது இரண்டும் சுட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. தட்டிலிருந்து ஒரு கலகலாவை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அக்கா, நெசமாவே அந்த வரி எதுக்கு?" என்று கேட்டான்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? போர்த்துகீசுக்காரங்க கொண்டாந்த பலகாரம்னு சொல்றாங்க. நான் போய்ப் பாத்தேனா? எங்கம்மா சீப்புல உருட்டினாங்க, நானும் உருட்டறேன்." பின்னறையில் ஈரத்துணி மூடிய பாத்திரத்தைக் காட்டினாள். "நாலு கிலோ மாவு இருக்குது. கையைக் கழுவிட்டு வந்து உக்காரு. இவ்ளோ நாளு வாய் வேலை செஞ்சது போதும்."

உட்கார்ந்தான். சுண்டைக்காய் அளவு மாவைப் புதுச் சீப்பின் பல்லில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்துச் சுருட்ட வேண்டும். முதல் ஐம்பதும் மண்புழுவாக வந்தன. ஒரு மணி நேரத்தில் விரல் வலித்தது. அவள் திரும்பியிருந்த சமயம் பார்த்து, ஒரு தட்டு நிறையச் சீப்பில்லாமல் வெறுமனே உருட்டிப் போட்டான். பார்த்தாளோ இல்லையோ, அவள் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணெயில் போட்டு எடுத்தாள். சர்க்கரைப் பாகை ஊற்றிக் குலுக்கினாள்.

பாகு ஆறியதும் மதிவாணன் உற்றுப் பார்த்தான். வரி போட்டவை பூத்து வெள்ளையாக இருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் சர்க்கரை பிடித்திருந்தது. அவன் உருட்டியவையோ மொழுமொழுவென்று கிடந்தன. அவற்றின்மேல் நிற்காத பாகு வழுக்கி அடியில் கட்டியாகிவிட்டிருந்தது. ஒன்றைக் கடித்தான். நடுவில் வேகவில்லை.

"அக்கா, பாகு புடிக்கத்தான் வரி! உள்ள வேகறதுக்கும் அதான்!"

அவளும் இரண்டையும் எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "அட, ஆமாண்டா. வழுக்கையா உருட்டினா அம்மா அடிப்பாங்க, எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

மறுநாள் நடைக்குப் பன்னிரண்டு பேர். ஒருத்தி தலையில் சீப்போடு வந்திருந்தாள். பேக்கரி வாசலில் நிறுத்தி, "மதாம் ரொசாலின்னு யாரும் கெடையாதுங்க. நான் கட்டிவிட்டது. மன்னிச்சிடுங்க," என்றான்.

"அப்ப கப்பித்தேன்?" என்றார் ஒருவர், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பது போல.

"அவரும் கெடையாதுங்க."

"வீடியோ பாத்துட்டுப் பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட்ல எழுதிக் குடுத்துட்டேனே!" என்று ஒரு தாய் தலையில் கைவைத்தாள்.

மதிவாணன் ஆளுக்கு இரண்டு கொடுத்தான், வரியோடு ஒன்று, வழுக்கை ஒன்று. மென்று பார்த்து வாதம் செய்ய ஆரம்பித்தவர்கள் கப்பித்தேனை மறந்துபோனார்கள். இரண்டு பேர் மட்டும், "பொய்யா இருந்தா என்ன, ஜன்னல் அழகா இருக்குதே" என்று மஞ்சள் வீட்டுக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் அவனும் ஒரு பொட்டலத்தோடு அங்கே போனான். நாராயணசாமி மன்னிப்பையும் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார்.

இருபத்திமூன்றாம் தேதி, கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் அலமாரியில் இருந்த கேக்கைக் காட்டினார். "வீவிக்கம்னு எழுதியிருக்கே, அப்படின்னா என்ன அர்த்தம்?"

மதிவாணன் வாயைத் திறந்தான். அந்துவானெத் கத்தியும் கையுமாக அப்படியே நின்றாள். ஒரு ராஜாவும், அவருடைய சமையல்காரரும், புயலில் மாட்டிய ஒரு கப்பலும் அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டார்கள்.

"தெரியாதுங்க," என்றான். "விசாரிச்சுச் சொல்றேன். அக்கா, உனக்குத் தெரியுமா?"

"ரவை, வெண்ணெய், ரம்முல ஊறின திராட்சை. எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் இதுதான்," என்ற அந்துவானெத், ஒரு துண்டு பெரிதாக வெட்டி டீச்சரைத் தாண்டி அவனிடம் நீட்டினாள்.