ஒன்பதாவது படி

தச்சர் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு மருமகன் படம் போடப்போகிறான். சும்மா போட்டால் பரவாயில்லை. ப்ளூ-ரேயில், ஒரு தூசுகூட விடாமல் தெரிகிற மாதிரி போடப்போகிறான்.

மருமகன் மருந்துக்கடைக்காரன். கடையைச் சாத்திவிட்டு வந்தால் அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலைதான், பழைய படங்கள். எங்கேயோ யாரோ அந்தப் படச்சுருள்களைத் தேடி எடுத்து, அழுக்குத் துடைத்து, கீறல் நீக்கி டிஸ்க்கில் போட்டு விற்கிறார்களாம். ஒவ்வொன்றாக வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தான். அலமாரி மாமனார் செய்து கொடுத்தது. ஆனாலும் மாமனார் டிஸ்க்கைத் தொடக்கூடாது, விரல் பட்டால் ரேகை விழுந்துவிடும் என்று சட்டம். போன மாதம் சுவரில் பாதியை அடைக்கிற மாதிரி ஒரு டிவியும் வந்து சேர்ந்தது.

இந்த வாரம் வந்த டிஸ்க்தான் வினை. படத்துக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. இந்த வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை, 'படிக்கட்டுப் படம்' என்றுதான் பேச்சு. கறுப்பு வெள்ளைப் படம். கதாநாயகி பளிங்கு மாளிகையின் வளைந்த படிகளில் ஒரு வார்த்தை பேசாமல் முழுசாக ஒன்றரை நிமிடம் இறங்கி வருவாள். அந்தக் காட்சியைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டைச் செய்தது தச்சர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, ஸ்டூடியோவில் முதல் வேலை. மரத்தில் அவர் செய்த படிகளைப் பளிங்காக மாற்றியது பெயின்டர். இருவரும் அங்கேதான் சந்தித்தார்கள், அங்கேதான் முதல் சண்டையும் போட்டார்கள். பிற்காலத்தில் தச்சரின் மகளைப் பெயின்டரின் மகனுக்கே கட்டிவைத்து, சண்டையை நிரந்தரமாக்கிக்கொண்டார்கள்.

சண்டை வேறொன்றுமில்லை. படிக்கட்டு யாருடையது?

"பெயின்ட சுரண்டிப் பாரு, உள்ள என்ன இருக்கும்? மரம். மரம் யாரோடது?" என்பார் தச்சர். விருந்தாளி, பால்காரர், டிவி கொண்டுவந்த ஆள் என்று யார் அகப்பட்டாலும் அந்தப் படிக்கட்டின் கதையை முதலிலிருந்து சொல்லாமல் விடமாட்டார். பெயின்டரைப் பற்றிக் கேட்டால், "அவனும் இருந்தான், கோடு கீடு போட்டான்" என்பார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது. பெயின்டர் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார்.

கதையில் தச்சர் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. கீழேயிருந்து எண்ணினால் ஒன்பதாவது படியில், நிமிர்ந்து நிற்கும் முகப்புப் பலகையை அவர் தப்பாக அறுத்துவிட்டார். ஒரு ஓரத்தில் அரை அங்குலம் குறைச்சல். பலகைக்கும் மேல்படிக்கும் நடுவில் இடைவெளி பல்லைக் காட்டியது. கவனித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, மரமும் தீர்ந்துவிட்டது. செட் மேஸ்திரியோ, இதைவிடச் சின்னத் தப்புக்கு அந்த வாரத்தில்தான் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். தச்சர் மரத்தூளையும் கோந்தையும் பிசைந்து இடைவெளியில் அடைத்துத் தடவிவிட்டு, பெயின்டரிடம் படிக்கட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போனார். கோந்து காய்ந்ததும் தூள் சுருங்கிக் கொட்டிவிடும் என்று அவருக்கே தெரியும். மறுநாள் படப்பிடிப்பில் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று வந்துவிட்டார்.

டிவியில் அந்தப் படம் நூறு தடவை வந்திருக்கும். அதில் படிகளெல்லாம் மாவு கரைத்த மாதிரி இருக்கும், மேலே மழை பெய்வதுபோல் கீறல் வேறு. அந்த மழைதான் இத்தனை காலமாக அவர் மானத்தைக் காப்பாற்றியது. இப்போது மருமகன் புண்ணியத்தில் மழை விட்டுவிட்டது.

காலை ஒன்பது மணிக்கே தச்சர் திருப்புளியோடு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் படுத்துவிட்டார்.

"நல்லா இருக்கறத எதுக்குக் கழட்டறீங்க?" என்றாள் மனைவி.

"ஆடுது."

"நீங்க செஞ்சதுதானே. என்னைக்கு ஆடிச்சு?"

இதற்குப் பதில் சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு. தச்சர் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு பேச முடியாத ஆளாகிவிட்டார். பதினொரு மணிக்கு ஸ்டாண்டு ஆறு துண்டாகத் தரையில் கிடந்தது. "பசை காய ரெண்டு நாள் ஆகும். படத்த அடுத்த வாரம் பார்த்துக்கலாம், மாப்பிள்ளை" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"அதுக்கென்ன மாமா" என்று மருமகன் சாப்பாட்டு மேஜையை இழுத்துவந்து டிவியை அதன்மேல் தூக்கி வைத்தான். அந்த மேஜையும் தச்சர் செய்ததுதான். யானை ஏறினாலும் அசையாது.

இரண்டரை மணிக்குப் பெயின்டர் வந்தார். சலவைச் சட்டை, புதுக் கண்ணாடி, வாயெல்லாம் பல். "சம்பந்தி, இன்னைக்கு நம்ம குட்டு எல்லாம் வெளிய வரப்போவுது" என்று தச்சர் முதுகில் தட்டினார். விளையாட்டாகத்தான் சொன்னார். தச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்று மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படத்தைத் தொடங்கினார்கள். ரிமோட் மகள் கையில். அதுதான் தச்சருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். மகள் துணிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சட்டைகளில் குறை தேடுவதற்காகவே அவளுக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது.

படம் ஆரம்பித்ததும் எல்லாரும் அசந்துபோனார்கள். பொய் சொல்லக்கூடாது, தச்சரும்தான். கதாநாயகியின் தோட்டில் இருந்த கல்லை எண்ணலாம். புகையில்கூட மடிப்பு மடிப்பாக அழகு தெரிந்தது. இத்தனை நாள் பார்த்தது இந்தப் படத்தையே இல்லை, இதன் மேல் போர்த்தியிருந்த சாக்கைத்தான் பார்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் மகள் ஆரம்பித்தாள். "நிறுத்து நிறுத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படத்தை நிறுத்தினாள். "ஹீரோவுக்கு விக்கு! நெத்தியில விளிம்பு தெரியுது பாருங்க."

"அடப்பாவி" என்றாள் மனைவி. அந்த முடிக்காகவே அந்தக் காலத்தில் படத்தை மூன்று தடவை பார்த்தவள் அவள்.

அடுத்து வில்லன் கோட்டில் பட்டன் மாறித் தைத்திருந்தது. மாளிகைக் கடிகாரம் படம் முழுக்க நாலரை மணியிலேயே நின்றது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வானத்தில் ஒரு மடிப்பு இருந்தது. "அது நான் வரைஞ்ச வானம். சுருட்டி வச்சிருந்தாங்க, மடிப்பு போகல" என்று பெயின்டர் தானே முந்திக்கொண்டு சொல்லி, தொடையைத் தட்டிச் சிரித்தார். தன் குறையைத் தானே காட்டிக்கொண்டு இப்படிச் சிரிக்க முடிகிறதே என்று தச்சருக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

"தலைய வலிக்குது. ரொம்பத் தெளிவா இருந்தா கண்ணுக்குக் கெடுதல்" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க. உங்க படிக்கட்டு வரப்போற நேரத்துல எங்க கம்பி நீட்டறீங்க?" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

படிக்கட்டு வந்தது.

மேல்படியில் கதாநாயகி நின்றாள். கீழே பளிங்கு பளபளத்தது. மருமகன் "மாமா!" என்று அவரைத் திரும்பிப் பார்த்தான், பெருமையாக. அவள் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, தச்சர் கீழேயிருந்து எண்ணிக்கொண்டு போனார். ஏழு, எட்டு, ஒன்பது.

இடைவெளியைக் காணோம்.

தச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பலகையின் மேல் விளிம்பில், ஒரு ஓரத்தில் தடியாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் காணாமல் போகும் கருத்த ரேகை ஒன்று ஓடியது. நிஜப் பளிங்கில் ஓடுகிற மாதிரியே. எட்டாவது படியிலும் அதேபோல ஒன்று, பத்தாவதிலும் ஒன்று. அந்த மூன்று படிகளில் மட்டும்தான். மற்றப் படிகளில் ரேகை வேறு தினுசாகக் கிளை பிரிந்து ஓடியது.

தச்சருக்கு மட்டும் புரிந்தது. நடுவில் இருந்தது ரேகை இல்லை, அவர் விட்ட ஓட்டை. ஓட்டையின் இருட்டையே ரேகையாக்கி, அதன் நுனியை வண்ணத்தால் இழுத்துவிட்டிருந்தார் ஒருவர். அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாதென்று, பக்கத்துப் படிகளிலும் அதேமாதிரி வரைந்து வைத்திருந்தார்.

குறை பார்த்தே சம்பளம் வாங்கும் மகள் ஒன்றும் சொல்லவில்லை. கதாநாயகி ஒன்பதைத் தாண்டி எட்டில் கால் வைத்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இன்னும் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தச்சர் மெல்லத் திரும்பிப் பெயின்டரைப் பார்த்தார். பெயின்டர் திரையைப் பார்க்கவில்லை. பிஸ்கட்டை டீயில் நனைப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தார். பிஸ்கட் எப்போதோ கரைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டிருந்தது.

"கோடு கீடு போட்டான்" என்று ஊரெல்லாம் சொன்ன நாக்கு தச்சருக்கு வாய்க்குள் கசந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"நிறுத்தும்மா" என்றார்.

"என்னப்பா?"

"பின்னால போ. கொஞ்சம். அவ ஒன்பதாவது படிக்கு வரணும். அங்க நிறுத்து." எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் நின்று, விரலைத் திரையிலேயே வைத்தார். மருமகன் பதறினான்.

"இது என்ன தெரியுதா?"

"பளிங்குக் கோடு" என்றாள் மகள்.

"கோடு இல்ல. ஓட்டை. நான் பலகைய அளவு தப்பா அறுத்துட்டேன். மரத்தூள வச்சு அடைச்சுட்டு ஓடிட்டேன். இவ்வளவு வருஷமா யார்கிட்டயும் சொல்லல."

பெயின்டர்தான் முதலில் பேசினார். "யோவ், விடுய்யா. அவ இன்னும் கீழ எறங்கல, பாவம். படத்தப் போடு."

"எப்பய்யா போட்ட இத?"

பெயின்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "காலைல பெயின்ட் காஞ்சிருச்சான்னு பார்க்க வந்தேன். தூள் கொட்டிக் கிடந்துச்சு. மேஸ்திரி வர அரை மணி நேரம்தான் இருந்துச்சு. கையில பச்சைதான் மிச்சம். படத்துல கறுப்பாத்தானே தெரியும்னு இழுத்துட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அன்னைக்கு டீக்கடைல நாலு பேர உக்காரவச்சு படிக்கட்டுக் கதைய ஆரம்பிச்சிட்ட. அவ்வளவு சந்தோஷமா இருந்த. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அப்புறம் நீ கதைய நிறுத்தவே இல்லையே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகன் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான், அவர் ஒருவரை மட்டும் இவ்வளவு நாள் மங்கலாகவே பார்த்துவந்தது போல.

"சரி, இனிமே வர்றவங்ககிட்ட அந்தக் கதைய எப்படிச் சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள் மனைவி. குத்திக்காட்டத்தான் கேட்டாள். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

தச்சர் வந்து பெயின்டருக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். "நான் சொன்னது போதும். இவன் சொல்லட்டும். நான் ஒரு வார்த்தை குறுக்க பேசமாட்டேன்."

எல்லாரும் பெயின்டரைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாகத் தலையை மட்டும் ஆட்டிப் பழகியவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தொண்டையைக் கனைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்தப் படிக்கட்டு இருக்கே" என்று ஆரம்பித்தார். "மொத்தம் பத்தொன்பது படி. எல்லாம் மரம். அந்தப் பொண்ணு குதிகால் உசந்த செருப்புப் போட்டுக்கிட்டு எட்டுத் தடவை எறங்குச்சு. ஒரு தடவைகூட, ஒரு படிகூட, கிரீச்சுன்னு சத்தம் போடல. சத்தம் பதியற ஆளு காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு, 'இது கல்லுதானய்யா?'ன்னு என்கிட்ட கேட்டான். இல்ல, மரம், நம்ம ஆளு செஞ்சதுன்னு சொன்னேன். இப்படி ஒரு வேலைய நான் பார்த்ததே இல்ல."

தச்சர் குறுக்கே பேசவில்லை. பேசியிருக்கவும் முடியாது.