இருபத்தேழாம் நாள் எடுத்த படம்

முப்பத்தொண்டு. அந்த வருஷம் மீராசாஹிபுக்கு ஊர் வைத்த பெயர் அதுதான். கடைக்குப் போனாலும் முப்பத்தொண்டு, பள்ளிவாசலுக்குப் போனாலும் முப்பத்தொண்டு. புத்தளத்து உப்பளத்தில் இருபத்தைந்து வருஷம் பாத்தி கட்டி உப்பு வாரிய மனுஷன். நெஞ்சில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசத் தெரியாதவர். அவருக்குப் போய் இப்படி ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

வினை தொடங்கியது முந்தைய வருஷம், உலகச் சண்டை முடிந்த அந்த நோன்பில். தலைப்பிறை பார்க்க ஊர் முழுக்கக் களப்புக் கரையில், கடற்கழி ஓரமாகக் கூடி நின்றது. மேற்கே ஒரே மேகம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கலைந்து போகப் போன நேரம், உப்பளப் பக்கமிருந்து மீராசாஹிப் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நான் கண்டன். பிறைய நான் கண்டன்."

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார் பதியுதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணால கண்டதா?"

"அல்லாஹ் மேல ஆணையா, கண்ணால கண்டன்."

நோன்பு தொடங்குவதற்கு நம்பிக்கையான ஒருத்தரின் சொல் போதும். மீராசாஹிபை நம்பாமல் வேறு யாரை நம்புவது? விடிந்ததும் ஊர் நோன்பு பிடித்தது. புத்தளம் டவுணில் பிடிக்கவில்லை. போகட்டும், அவர்களுக்கு மேகம் மறைத்திருக்கும் என்று ஊர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. பெருமை மாசக் கடைசி வரைக்கும்தான். முப்பது நோன்பும் முடிந்தது, வானத்தில் பிறையைக் காணோம். டவுண்காரர் முப்பதாவது பிடிக்க, இந்த ஊர்ச் சனம் வாடிய முகத்தோடு முப்பத்தோராவது பிடித்தது. எந்தப் பிறை மாதத்துக்காவது முப்பத்தொரு நாள் உண்டா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இல்லையென்று. அப்போ முதல் சாட்சி பிழை.

கேலியைக்கூட மீராசாஹிப் பொறுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய சொந்த நானா, கூடப்பிறந்த அண்ணனின் மகள் சித்திமரியத்தின் நிக்காஹ் அன்று, சாட்சிக்கு ஆள் கூப்பிட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரைத் தாண்டி அடுத்த தெருக்காரரைக் கூப்பிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அன்று புரியாணிச் சஹன் தட்டில் கை வைத்தவருக்கு ஒரு பிடி இறங்கவில்லை.

"நான் கண்டது கண்டதுதான்" என்று வீட்டில் மனைவி கமறியாவிடம் சொன்னார். "கரையில நிண்டவங்களுக்கு மேகம் மறைச்சிரிக்கி. நம்மட பாத்தியடியில நிண்டா மேகத்துக்குக் கீழால ஒரு வெளி இரிக்கி. அதுக்குள்ளால தெரிஞ்ச. வார நோன்புக்கு அத நான் படம் புடிச்சுக் காட்டுவன்."

"படமா?" கமறியா அகப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "வானத்தயா?"

"வானத்தத்தான்."

புத்தளத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் அல்பேட், கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பையன். விமானத் தளத்தைக் கலைத்துக்கொண்டு போன வெள்ளைக்காரச் சோல்ஜர் ஒருவனிடமிருந்து மடக்குக் கெமரா ஒன்று அவன் கைக்கு வந்திருந்தது. பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். மாப்பிள்ளை பொம்பிளை படத்துக்கே எண்ணி எண்ணித்தான் தட்டுவான். மீராசாஹிப் மூன்று நாள் தொடர்ந்து போய் அவனுடைய கதிரையில் உட்கார்ந்தார்.

"மீரா நானா, இந்தக் கெமராவில பிறை ஈர் அளவுக்குத்தான் விழும்."

"ஈரோ பேனோ, விழுந்தாக் காணும்."

"இருட்டுற நேரம் நானா. ஒண்டும் விழாமலும் போகும்."

"அப்ப அடுத்த வருஷம் வாரன். அதுக்கடுத்த வருஷமும் வருவன். நீ கதிரைய மாத்தி வைக்கிறதெண்டா வை, நான் நிலத்தில குந்துவன்."

அல்பேட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் மாட்டிக்கொண்டான். ஆனால் ஒன்று சொன்னான்: நோன்புக்குத் தலைப்பிறை பார்க்கிற நாள், நோன்புக்கு முந்தின மாசத்து இருபத்தொன்பது, வருஷத்தில் ஒரு தரம்தான் வரும், அன்றைக்குப் பிழைத்தால் எல்லாம் போச்சு. ஆகவே இரண்டு நாள் முந்தி, அதே இடத்தில், அதே நேரத்தில் வெளிச்சம் பார்த்து இரண்டு மூன்று படம் எடுத்துப் பழக வேண்டும்.

அப்படித்தான் இருபத்தேழாம் நாள் மாலை இரண்டு பேரும் பாத்தி வரம்பில் வந்து நின்றார்கள். பகலெல்லாம் தென்மேற்கிலிருந்து அடித்த சோழகக் காற்று விழுந்துவிட்டது. பாத்தித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. உப்பளத்துக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. வானத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், கண் கூசும். குனிந்த தலையோடு பாத்தித் தண்ணீரில்தான் மேகம் பார்ப்பார்கள், மழை வருமா, உப்புக் கரையுமா என்று. போன வருஷம் மீராசாஹிப் பிறையை முதலில் கண்டதும் தண்ணீரில்தான். கண்டதும் நிமிர்ந்தார், மேலேயும் இருந்தது, ஓடினார். தண்ணீர்க் கதையை யாரும் கேட்கவுமில்லை, அவருக்குச் சொல்லத் தோன்றவுமில்லை.

சூரியன் களப்புக்கு அப்பால் ஒரு மேகத்துக்குப் பின்னால் இறங்கியது. இறங்கிய இடத்திலிருந்து வெளிச்சம் பட்டை பட்டையாகக் கிளம்பியது. ஒரு பட்டை ரோசா நிறம், அடுத்தது கருநீலம், மறுபடி ரோசா. விரித்த விசிறி மாதிரி உச்சி வரைக்கும் ஏறியது. அல்பேட் அதன் கூடவே கழுத்தைத் திருப்பினான்.

"நானா, பின்னால பாருங்க. கிழக்கால."

மீராசாஹிப் திரும்பினார். உச்சியைத் தாண்டிப் போன பட்டைகள் கிழக்கே போய் மறுபடி ஒரே இடத்தில் கூடி நின்றன, அங்கே இன்னொரு சூரியன் மறைகிற மாதிரி. இருபத்தைந்து வருஷமாக இந்த வானத்துக்குக் கீழே குனிந்து வேலை செய்தவர், கிழக்கே இதைக் காணவேயில்லை. சுபஹானல்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். போன வருஷமும் மேற்கே இப்படித்தான் விரிந்திருந்தது என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

அல்பேட் உப்புக் கூடையொன்றைக் கவிழ்த்து அதன்மேல் கெமராவை வைத்தான். மேற்கு வானமும் விழ வேண்டும், தண்ணீரில் தெரிகிற வானமும் விழ வேண்டும் என்று தாழ்வாகப் பிடித்தான். பத்து வரைக்கும் எண்ணி ஒன்று, இருபது வரைக்கும் எண்ணி ஒன்று. மீராசாஹிப் இன்னும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ஞாயிறு. அல்பேட் பூசைக்குப் போய் வந்து படத்தைக் கழுவி முடிக்க மத்தியானமானது. ஈரம் காயாத படத்தை மீராசாஹிபின் கையில் கொடுத்தான். நிறமில்லாவிட்டாலும் வானம் அப்படியே விழுந்திருந்தது, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக. கீழே பாத்தித் தண்ணீரில், ஓடம் மாதிரி இரண்டு நுனியும் மேலே வளைந்த ஒரு வெள்ளைக் கீற்று.

மீராசாஹிப் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "இதுதான் தம்பி. இதேதான். இதத்தான் நான் கண்ட." கண்ணால் தண்ணி ஓடியது. துடைக்கவில்லை. ஒரு வருஷம் அடக்கி வைத்தது.

"பிறகென்ன நானா. கொண்டுபோய் மரைக்காரின்ட முகத்துக்கு நேரே பிடியுங்க."

மீராசாஹிபின் விரல் தண்ணீரிலிருந்த கீற்றிலிருந்து மெல்ல மேலே ஏறியது, வானத்தில் அது எங்கே என்று. அல்பேட் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான். மேலேயும் பார்த்தார், கீழேயும் பார்த்தார். மேலே இல்லை. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"தம்பி, நேத்து என்ன நாள்?"

"சனிக்கிழமை."

"எங்கட கணக்கில இருபத்தேழு." குரல் இறங்கிப்போனது. "இருபத்தேழில பிறை விடியக்கொள்ளதான் கிழக்கால கிளம்பும். பொழுதுபடுற நேரம் மேற்கால பிறை ஏது?"

அல்பேட் படத்தை வாங்கினான். திருப்பி, பின்பக்கத்து வெறும் வெள்ளையைக் காட்டினான். "இதில திகதி எழுதியிருக்கா நானா? நாளைக்கு இருபத்தொன்பது. நாளைக்கு எடுத்தது எண்டு சொல்லி நாளண்டைக்குக் காட்டுங்க. ஆருக்குத் தெரியும்? நான் வாய் திறக்க மாட்டன்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று நாள் கதிரையில் உட்கார்ந்த மனுஷனைப் பார்த்து வந்த இரக்கம் அது. மீராசாஹிப் படத்தை வாங்கிக் கடுதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

வீட்டில் கமறியா வாசலிலேயே நின்றாள். "நீங்க கண்டது படத்தில இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். பிறகேன் முகம் இப்பிடி?"

"பாத்தியடிக்குப் பெய்த்து வந்து சொல்றன்."

பொழுது சாயும்வரை வரம்பில் குந்தியிருந்தார். காற்று விழுந்தது. தண்ணீர் அசையாமல் நின்றது. சூரியன் இறங்கியதும், பாத்தி மூலையில் அந்தக் கீற்று பளிச்சென்று தெரிந்தது. உப்பு விளைகிற நேரம் தண்ணீருக்கு மேலே பால் ஆடை மாதிரி மெல்லிசாக ஒரு தோல் படியும். பகல் காற்று அதை மூலைக்கு ஒதுக்கி வளைத்து வைத்திருந்தது. சாய்ந்த வெளிச்சம் அதில் பட்டு மின்னியது. வாழ்நாளெல்லாம் வாரிய உப்பு. வேறெங்கோ கண்டிருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். பிறை தேடிய கண்ணுக்கு அது பிறையாகிப் போனது.

ஆனாலும் அவர் விடவில்லை. மேலேயும் கண்டேனே, அது என்ன? கீற்றையே உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தார். வானத்திலும் இருந்தது. வெளிறிய ஒரு கீற்று. கண்ணை இடப்பக்கம் நகர்த்தினார், அதுவும் நகர்ந்தது. வலப்பக்கம் நகர்த்தினார், கூடவே வந்தது. மூன்று தரம் பார்த்தார்; அது வானத்தில் இல்லை, கண்ணில் ஒட்டிய வெளிச்சம். பிறகு குனிந்து விரலால் கீற்றைத் தொட்டார். உடைந்து விரலில் ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

மறுநாள் இருபத்தொன்பது. களப்புக் கரையில் ஊர் கூடியிருந்தபோது மீராசாஹிப் நேரே மரைக்காரிடம் போய்ப் படத்தை நீட்டினார்.

"போன வருஷம் நான் கண்டது இது. உப்பு. நீங்க எல்லாரும் முப்பத்தொரு நாள் பட்டினி கிடந்தது என்ட கண் பிழையால. நான் பொய் சொல்லல்ல, ஆனா பிழையாக் கண்டன். எல்லாரும் எனக்கு மாப்புத் தரோணும்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மரைக்கார் சிரிக்கவில்லை. படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப எடுத்த?"

"முந்தாநாள். இருபத்தேழு."

"இத நீங்க நாளைக்குக் கொண்டுவந்து, இருபத்தொன்பதில எடுத்ததெண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன் மீராசாஹிப்."

"ஓம். தெரியும்."

மரைக்கார் படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் தன் மடியில் செருகிக்கொண்டார். பொழுது பட்டது. மேற்கே மேகம், நடுவில் ஒரு கிழிசல். திடீரென்று பாயிஸ், மீன் ஏலம் கூறுகிற பெரிய தொண்டைக்காரன், "அந்தா, அந்தா" என்று கை நீட்டினான். கிழிசலின் ஓரத்தில் ஏதோ வெள்ளையாகத்தான் இருந்தது. நாலைந்து பேர் ஓம் ஓம் என்றார்கள். மரைக்கார் வானத்தைப் பார்க்கவில்லை. மீராசாஹிபைப் பார்த்தார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

கூட்டம் வழி விட்டது. மீராசாஹிப் முன்னுக்கு வந்தார். பார்த்தார். கண்ணை மூடித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம் கண்ணை நகர்த்தினார். அது இருந்த இடத்திலேயே நின்றது, ஆனால் மெல்ல அகன்று கலைந்தது. அது கலைந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிறையில்ல" என்றார். "மேக விளிம்பு."

"அப்ப நாளைக்கு நோன்பில்ல" என்றார் மரைக்கார். "வீட்டுக்குப் போங்க."

ஊர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தது. பாயிசும் நடந்தான். ஒருத்தராவது திரும்பி மேற்கே பார்க்கவில்லை.