ஊருக்கே பாத்திரம் கழுவிய மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவர் மாஸ்டர். அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் எழுத்துகளைக் காட்டி, பவர் பார்த்துச் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து மாஸ்டர் சாப்பிட்ட தட்டை சிங்க் வரைக்கும் கொண்டுபோனதுண்டு. அதற்குமேல் அந்தத் தட்டுக்கு என்ன கதி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

அப்படிப்பட்டவரைத் தேடிக்கொண்டு விளம்பரம் வந்தது. கார் கற்க வந்த பெண் ஒருத்தி விளம்பரப் படம் எடுக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். கியர் போடக் கற்பதற்குள், "மாஸ்டர், உங்களுக்கு வீட்டு வேலை செய்யற மூஞ்சி" என்று சொல்லிவிட்டாள். பாத்திரம் கழுவும் சோப்புக் கம்பெனி ஒன்று திடீரென்று சமுதாயத்தைத் திருத்துவது என்று முடிவெடுத்திருந்தது. பாத்திரம் கழுவும் கணவனாக நடிக்க ஆள் தேவை. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

காலையிலிருந்து மாலைவரை ஒரே தட்டைக் கழுவச் சொன்னார்களாம். அந்தத் தட்டும் ஏற்கெனவே கழுவிய தட்டுதானாம். வீட்டுக்கு வந்து இடுப்பு விட்டுப்போச்சு என்று புலம்பிய மாஸ்டர், சாப்பிட்ட தட்டை சிங்க்கில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மனைவி அதைக் கழுவிக் கவிழ்த்தாள்.

கொஞ்ச நாளில் கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே பெரிய விளம்பரப் பலகை எழும்பியது. முழங்கை வரை நுரையோடு மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் 'அழுக்குக்கு ஆண் பெண் தெரியாது' என்று ஆளுயர எழுத்து. புதுக் கண்ணாடி மாட்டியவர்கள் வாசலுக்கு வந்து முதலில் படித்துப் பார்ப்பது அதைத்தான். "உங்க வீட்டுக்காரராமே? கொடுத்து வச்சவங்க" என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பெயர் ஒரே வாரத்தில் கடையில் காணாமல் போனது. எல்லோருக்கும் அவள் 'பாத்திர மாஸ்டர் வீட்டம்மா'. சாயங்காலம் அந்தப் பலகையின் கீழே நின்றுதான் பஸ் பிடிப்பாள். வீட்டுக்குப் போனால் காலையில் போட்ட பாத்திரம் அவளுக்காகக் காய்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம்தான் ஊர் இரண்டுபட்டது. ஆண்களைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 'எங்கள் வீட்டு அழுக்குக்கு ஆண் பெண் நன்றாகவே தெரியும்' என்று ஒருவர் எழுதியதை ஆயிரக்கணக்கானோர் கொண்டாடினார்கள். சோப்பைத் தெருவில் போட்டு மிதித்துப் படம் பிடித்துப் போட்டார்கள். மிதிக்க வேண்டுமென்றால் முதலில் வாங்கியாக வேண்டும். ஆகவே விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. மிதித்த இடத்தில் தண்ணீர் பட்டு, போராட்டத் தலைவரே வழுக்கி விழுந்து கையில் கட்டுப்போட்டுக்கொண்டார். அவருக்கு வேளாவேளைக்கு ஊட்டிவிட்டது அவர் மனைவிதான்.

இன்னொரு கூட்டம் அந்த சோப்பை வாங்குவதே புரட்சி என்றது. வீட்டில் அதை யார் கையில் கொடுத்துக் கழுவச் சொன்னார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. மூன்றாவதாக ஒரு பெண் கம்பெனி முதலாளிகளின் படத்தைப் போட்டாள். வரிசையாக எல்லோரும் ஆண்கள். 'இதில் யாராவது ஒரு கரண்டியாவது கழுவியிருப்பாரா?' என்று கேட்டிருந்தாள். அவளை இரண்டு கூட்டமும் சேர்ந்து திட்டின.

மாஸ்டரின் அம்மா போன் செய்து ஒப்பாரியே வைத்துவிட்டார். மகனைத் தண்ணீர் கூட மொள்ளவிடாமல் வளர்த்தவராம். இப்போது நாடே பார்க்க எச்சில் தட்டில் கையை விட வைத்துவிட்டாளாம் மருமகள். அது நடிப்பு அத்தை என்று அவள் எவ்வளவோ சொன்னாள். நடிப்பில்கூட அவன் அப்படிச் செய்யக்கூடாது என்று போனை வைத்துவிட்டார்.

இந்தச் சமயத்தில் கம்பெனியின் விளம்பர அதிகாரியம்மா கேமராவோடு வீட்டுக்கே வந்தார். மாஸ்டர் நிஜமாகவே கழுவுகிறவர் என்று காட்டினால் எதிர்ப்பு அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். ஸ்க்ரப்பர் எங்கே என்று தேடி மசாலா டப்பாக்களைத் திறந்தார். மிக்ஸி வைக்கிற இடத்தைத் திறந்தார். மனைவி அவர் மூக்குக்கு நேரே தொங்கிய கூடையைக் காட்டினாள்.

கேமரா அவள் பக்கம் திரும்பியது. வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுவதைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று அதிகாரியம்மா கேட்டார். மாஸ்டர் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"காணக் கண் கோடி வேணும்மா," என்றாள் அவள். "எனக்கு ரெண்டுதான் இருக்கு. அதனாலயோ என்னவோ, இன்னும் காணக் கிடைக்கலை."

அதிகாரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டு மறுநாளே போட்டார்கள். ஊர் உருகியது.

உருகியதில் மாஸ்டர் மாட்டிக்கொண்டார். அவர்கள் அடுக்களை ஜன்னலும் எதிர்க் கட்டடத்து அடுக்களை ஜன்னல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. சாப்பாட்டு நேரம் முடிந்தால் அங்கே பெண்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். தங்கள் வீட்டு ஆண்களையும் இழுத்து வந்து காட்டினார்கள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் விளக்கைப் போட்டுக்கொண்டு கழுவினார். எதிர் ஜன்னல் ஆண்கள் பல்லைக் கடித்தபடி அவரைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கடைத்தெருவில் அவரை ஓரங்கட்டி, நாங்கள் உமக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று கேட்டாராம்.

மனைவிக்கு அந்த நாட்கள் சொர்க்கமாக இருந்தன. காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தாள். ஆனால் கழுவத் தெரிந்த சில நாட்களிலேயே மாஸ்டர் நிபுணராகிவிட்டார். அவள் டம்ளர் ஒன்றை அலசினால்கூடப் பக்கத்தில் வந்து நின்று, "நீ நுரை அதிகமா விடுற" என்பார். காரில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிற புத்தி எங்கே போகும்? ஒரு பெண்கள் கல்லூரியில் வீட்டு வேலைப் பங்கீடு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சுக்கான சட்டையை அவள்தான் இஸ்திரி போட்டாள்.

கடைசியில் கம்பெனிக்கு வெலவெலத்துப்போனது. பெரிய கடைக்காரர்கள் சிலர் சோப்பை இறக்க மாட்டோம் என்றதும், மன்னிப்புக் கேட்டு அறிக்கை ஒன்று வந்தது. யார் மனதையும் புண்படுத்துவது நோக்கமில்லையாம். அதோடு விட்டிருக்கலாம். 'விளம்பரத்தில் வரும் கணவர் அன்று ஒரு நாள் மட்டுமே பாத்திரம் கழுவினார். மற்ற நாட்களில் அவர் மனைவியே கழுவுகிறார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்றும் எழுதியிருந்தார்கள். அவள் அதைக் கடையில் உட்கார்ந்து படித்தாள். கம்பெனி இதுவரை சொன்னதிலேயே உண்மைக்குக் கிட்டத்தில் வந்தது இது ஒன்றுதான் என்று தோன்றியது. எதிரே ஏணி போட்டு மாஸ்டரின் முகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அடுக்களை ஜன்னல் சாத்தியிருந்தது. சிங்க் நிறையப் பாத்திரம். மாஸ்டர் சோபாவில் படுத்திருந்தார்.

"அதான் மன்னிப்புக் கேட்டுட்டாங்களே," என்றார். "இனிமே யாரும் பாக்க மாட்டாங்க."

"கம்பெனிதானங்க மன்னிப்புக் கேட்டுச்சு. நான் கேக்கலையே," என்றாள் அவள். "யாரும் பாக்கலைன்னா என்ன? நான் பாக்குறேன்ல."

அவள் தனக்கென்று ஒரு தட்டை மட்டும் எடுத்துக் கழுவி, அதில் சாப்பிட்டு, அதையே மறுபடி கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போனாள். மறுநாளும் அப்படியே. வீட்டில் சுத்தமான டம்ளர் தீர்ந்ததும், மாஸ்டர் கோபித்துக்கொண்டு பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவள் போகாதீங்க என்று சொல்லவில்லை. வாசல் வரை வந்து, சாக்ஸ் எடுத்துக்கிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

வாரம் திரும்புவதற்குள் மாமியாரிடமிருந்து போன் வந்தது. மகனுக்கு மூன்று வேளையும் சூடாகச் சமைத்துப் போட்டதில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மாடி, அவனைக் கூட்டிட்டுப் போயிடு," என்றார். "எருமை மாதிரி வளர்ந்திருக்கான், சாப்பிட்ட தட்டைத் திரும்பிப் பாக்க மாட்டேங்குறான். யாரு வளர்த்தாங்களோ தெரியலை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பஸ்ஸில் வந்துவிடுவார் அத்தை, வழி தெரியும் என்றாள் அவள்.

வந்தார். சட்டைக் கையை மடித்தார். அன்றிலிருந்து கழுவத்தான் செய்கிறார். பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்து, பெருமூச்சு விட்டு, பாதி நாள் எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே விட்டுவிட்டு. அவளுக்கு முதலில் கை பரபரத்தது. எடுத்து இன்னொரு தரம் தேய்த்துவிடலாமா என்றிருந்தது. தேய்த்தால் மறுநாளே அந்த வேலை தன் தலையில் வந்து விழும் என்று அவளுக்குத் தெரியும். பிசுக்குத் தட்டிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு, ருசித்துச் சாப்பிட்டாள்.